உப்பரசனுக்கு யார் குரல்

உப்பரசன் வாயைத் திறந்து "கதவைச் சாத்து" என்று சொன்னதும் சண்முகப்பிரியாவின் கையிலிருந்த பஜ்ஜி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றது, எண்ணெய் விரல் வழியாக மணிக்கட்டுக்கு இறங்கியது, அவள் துடைக்கவில்லை, ஏனென்றால் டிவியில் பேசியது அவள். திரையில் தெரிகிற வெள்ளைத்தாடி வெளிநாட்டுக்காரர் இல்லை, அவருக்குத் தமிழில் டப்பிங் பேசியிருக்க வேண்டிய சாம்பசிவம் சாரும் இல்லை, அவளேதான், சம்மு, ப்ளஸ் ஒன் படிக்கிற சம்மு. இல்லை, அவளும் இல்லை, அதுதான் வினை. அவள் தொண்டையிலிருந்து வந்ததே தவிர அது அவள் குரலே இல்லை, அது இதோ பக்கத்து சோபாவில் டீப்பாய் மேல் காலை நீட்டி, மடித்துக் கட்டின லுங்கியும் பனியனுமாக, பஜ்ஜியைப் பிய்த்துச் சட்னியில் புரட்டிக்கொண்டிருக்கிற அப்பாவின் குரல். அதிலும் கோபக் குரல். மற்ற வீட்டு அப்பாக்களுக்குக் கோபம் வந்தால் கத்துவார்கள், எதிர்வீட்டு மெர்சி ஆன்ட்டியின் வீட்டுக்காரர் கத்தினால் பால்கனிப் புறா பறக்கும், ஆனால் அம்பத்தூர் எஸ்டேட் ஃபோர்மேன் தணிகைவேலுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், லிஃப்ட் மாதிரி ஒவ்வொரு மாடியாக இறங்கும், கீழே போய் நின்று கதவு திறக்கும்போது உள்ளே இருப்பவரைப் பார்க்க யாருக்கும் தைரியம் வராது. கதவைச் சாத்து. ரெண்டே வார்த்தை. வீட்டில் தினமும் கேட்கிற ரெண்டு வார்த்தை, அதுவும் அந்த 'சா'வை ஒரு இழுப்பு இழுத்து 'த்து'வைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற மாதிரி. யாராவது கண்டுபிடித்தார்களா. அம்மா அடுப்படியில் அடுத்த ஈடு போட்டுக்கொண்டிருந்தாள், எண்ணெய் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது. மெர்சி ஆன்ட்டி தரையில் சம்மணமிட்டபடி, "ஏசப்பா, என்னா குரலு, அடிவயித்துல கத்தி வெக்கிற மாதிரி," என்றாள். சம்மு அப்பாவைப் பார்த்தாள். மென்றுகொண்டிருந்த வாய் நின்றிருந்தது. அப்புறம் மறுபடி மென்றது.

மெல்லுகிறார், அப்படியானால் தெரியவில்லை, தெரிந்திருந்தால் மென்றிருக்க மாட்டார், ஆனால் நடுவில் நின்றதே, அது எதற்கு நின்றது, பஜ்ஜியில் மிளகாய் கடிபட்டதா, பஜ்ஜிக்குள் மிளகாய் இல்லையே, வாழைக்காய்தானே. சம்மு பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள். திரையில் இப்போது கதைச் சிறுமி மேபல் ஓடிக்கொண்டிருந்தாள், வெள்ளை வெளேரென்ற உப்புத் தரையில் சிவப்பு ஸ்வெட்டர். நூறு வருஷம் முன்னால் யாரோ ஒரு வெளிநாட்டு அம்மா தன் பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொன்ன கதை, அப்புறம் புத்தகமாகி உலகத்துப் பிள்ளைகளெல்லாம் படித்துத் தூங்காமல் கிடந்த கதை, இப்போது சீரியல். பழைய கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டில் மேலே ஏறாமல் கீழே கீழே இறங்கிப் போகிற மேபல் கடல் வற்றிப்போன ஒரு நாட்டில் போய் நிற்பாள், அங்கே உப்பரசன், அவன் பேச்சை மீறினவர்கள் நின்ற இடத்தில் உப்புச் சிலையாகிவிடுவார்கள். பள்ளிக்கூட லைப்ரரியில் அட்டை கிழிந்த தமிழ்ப் பிரதி ஒன்று இருந்தது. 'அரசன் தன் குரலை உயர்த்தவே இல்லை' என்று அதில் ஒரு வரி. அந்த வரிக்கு வந்தபோது நாலாம் வகுப்பு சம்மு புத்தகத்தை மூடிவிட்டு வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள், அப்பா ஷிஃப்ட் முடிந்து வருகிற நேரம். மற்ற பிள்ளைகளுக்கு உப்பரசனைக் கற்பனை செய்யப் படம் தேவைப்பட்டது. அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஸ்க்ராட்ச்தானே. அன்றைக்கு எல்லோரும் சொன்னது அதைத்தான், ஸ்க்ராட்ச்தானே சம்மு, என்ன வேணா பேசு. சாலிகிராமத்து ஸ்டூடியோவில் அதுதான் வழக்கம், பெரிய ஆர்ட்டிஸ்ட்கள் வருவதற்கு முன்னால் வசனம் வாயசைப்போடு பொருந்துகிறதா என்று பார்க்க யாராவது ஒரு ஆள் எல்லாப் பாத்திரத்துக்கும் சும்மா பேசி வைப்பார்கள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வரும்வரை நாற்காலியில் துண்டு போட்டு வைக்கிற மாதிரி, அப்புறம் நிஜ ஆள் வந்து பேசினதும் ஸ்க்ராட்ச் குப்பைக்குப் போய்விடும். லீவில் ஸ்டூடியோவுக்குப் போன சம்முவுக்கு அதுதான் வேலை. மாப்பிள்ளை, பெண், புரோகிதர், நாதஸ்வரம் எல்லாம் அவள்தான். குரல் அகப்பட்டால் விடுகிறவளா அவள். ட்யூஷன் சாரின் இருமல், ஹெட்மிஸ்ட்ரஸ் மைக்கைத் தட்டி 'கேக்குதா' என்கிற தட்டல், ஷேர் ஆட்டோ அண்ணன், லிஃப்டில் கதவைச் சாத்தச் சொல்லிக் கெஞ்சுகிற பொம்பளை, எல்லாம் தொண்டைக்குள் வரிசையாக டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தடவை கேஸ் ஏஜென்சிக்காரியாகப் பேசி மெர்சி ஆன்ட்டியை நாள் முழுக்கக் காலி சிலிண்டரோடு வாசலில் உட்கார வைத்திருந்தாள், சாயங்காலம் தானே போய், "என்ன ஆன்ட்டி, சிலிண்டருக்குக் காவலா," என்று கேட்டாள். மொட்டைமாடியில் கிரிக்கெட் ஆடுகிற பையன்களைப் படிக்கட்டில் மறைந்து நின்று அப்பா குரலில் "யாருடா அது மேல" என்று ஒரே ஒரு வரி, அவ்வளவுதான், பந்தை விட்டுவிட்டு ஓடினார்கள், அவள் பந்தை எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பதற்குத்தான் அந்தக் குரல். அப்படித்தான் நினைத்திருந்தாள். ஸ்டூடியோவிலும் சிரிக்கத்தான், டப்பிங் இன்சார்ஜ் பெர்னார்ட் அண்ணன் தலையில் கை வைத்து, "அந்தத் தாடிக்காரன் வாயையே திறக்க மாட்டேங்கிறான் பாவி, மொழிபெயர்ப்புல 'அற்பச் சிறுமியே, எம் ஆணையை மீறத் துணிந்தாயோ'ன்னு முழ நீளத்துக்கு எழுதியிருக்காங்க, இதை எந்த வாயில திணிக்கிறது," என்று புலம்பினபோது, "நான் ஒண்ணு சொல்றேண்ணா, சுருக்கமா," என்று கண்ணாடி ரூமுக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வாயைத் திறந்தாள். அப்பா வந்துவிட்டார். வெளியில் சிரித்துக்கொண்டிருந்த இஞ்சினியர் முபாரக் அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்ருதியைக் கொஞ்சம் இறக்கினார், கொஞ்சம்தான், அதிகம் தேவைப்படவில்லை, "அடப்பாவி, இது யாரும்மா உனக்குள்ள," என்றார். "எங்க வீட்டு ராஜாண்ணா," என்றாள் அவள். அதோடு விட்டிருக்கலாம். "இதுக்கு மேல எவன் பேசுவான், 'ராஜா ஃபைனல்'னு பேர் போட்டு வைங்கண்ணா," என்று சொன்னதும் அவள்தான். அவரும் சிரித்துக்கொண்டே அப்படியே பேர் போட்டார். அப்புறம் சாம்பசிவம் சார் வந்து கணீரென்று பேசிவிட்டுப் போனது வேறு ஏதோ பேரில் பக்கத்திலேயே கிடந்திருக்கும், மிக்ஸிங்கில் உட்கார்ந்த மனுஷன் எதை எடுப்பான், ஃபைனல் என்று எழுதினதைத்தானே எடுப்பான். ஐயோ, அவள் தன் கையாலேயே.

"சம்மு, நீ எப்பதான் வருவே," என்றாள் மெர்சி ஆன்ட்டி. "வருவேன் ஆன்ட்டி, கடைசியில கூட்டத்துல ரெண்டு பிள்ளைங்க அழும், அதுல ஒண்ணு நான்." அப்பா பெருமையாகத் தொண்டையைச் செருமினார், "அழுகை கஷ்டம் தெரியும்ல, சிரிப்பு யாரு வேணா சிரிச்சிடலாம், பெர்னார்டே சொன்னாரு," என்றார், எஸ்டேட் வாட்ஸப் குரூப்பில் காலையிலிருந்து மூன்று தடவை போட்டிருந்தார், என் மகள் குரல் கொடுக்கும் தொடர், அனைவரும் காண்க, கைகூப்புகிற பொம்மை. முப்பது வீட்டில் முப்பது ஃபிட்டர்கள், வெல்டர்கள் இப்போது டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், அத்தனை பேரும் தினம் அந்தக் குரலில் திட்டு வாங்குகிறவர்கள், அவர்களுக்குத் தெரியாமலா போகும், நாளைக் காலை லேத் பக்கம் யாராவது ஒருத்தன் 'கதவைச் சாத்து' என்பான், இன்னொருத்தன் சிரிப்பான். இவர் என்ன என்று கேட்பார். குரல் இறங்கும். ஸ்டூடியோவுக்குப் போனது போதும் என்று ஒரே வரியில் முடிந்துவிடும், பெர்னார்ட் அண்ணன் வீட்டுக்கு வந்து கெஞ்சினாலும் நடக்காது. ஆனால் அதைவிட, அதைவிட இன்னொன்று இருந்தது, அதைத் தொட்டுப் பார்க்க மனசு பின்வாங்கியது, கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமல் தொட்ட மாதிரி. அவருக்குத் தெரிந்துவிடும். தன் குரல் இந்த வீட்டில் எப்படிக் கேட்கிறது என்று. மகளிடம் ராஜா குரல் கொடு என்று சொன்னால் அவள் யோசிக்காமல் எதை எடுத்து நீட்டினாள் என்று. இத்தனைக்கும் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கத் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறவர், பஜ்ஜியில் பெரிய துண்டாகப் பார்த்து அவள் தட்டில் போட்டவர். அந்தக் குரலை ஏன் எடுக்கவில்லை அவள். அப்படி ஒரு குரல் இருக்கிறதே, "சாப்டியா கண்ணு" என்கிற குரல். அதை அவள் ஒரு நாளும் செய்து பார்த்ததில்லை.

வாத்து வந்தது. நீல வாத்து, மேபலுக்கு வழி சொல்கிற ஒற்றைக்கண் வாத்து, சம்மு சோபா நுனிக்கு வந்தாள், ஏனென்றால் வாத்துக்கும் ஸ்க்ராட்ச் அவள்தான் பேசினாள், வாத்துக்குப் போட்டது மெர்சி ஆன்ட்டி குரல், "ஏசப்பா" கூட அப்படியே இருந்தது, அந்த ஆன்ட்டி ரெண்டடி தூரத்தில் வாயில் பஜ்ஜியோடு உட்கார்ந்திருந்தாள். வாத்து அலகைத் திறந்தது. "வழி தவறிவிட்டாயா குழந்தாய்," என்றது, யாரோ ஒரு அக்காவின் தேன் குரல், நிஜமான டப்பிங் அக்கா, அப்பாடா. "வாத்து நல்லா பேசுது, குடும்பப் பாங்கா," என்றாள் மெர்சி ஆன்ட்டி. சம்மு சிரித்தாள், சிரிப்பு கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, அப்பா திரும்பிப் பார்த்தார், நிறுத்தினாள். அப்படியானால் ராஜா மட்டும்தான் மாறியிருக்கிறது. ராஜா மட்டும்தான் என்றால் இன்னும் ஒரு காட்சி. அந்தக் காட்சி. கூட்டத்தில் பிள்ளைகள் அழுவதற்கு முன்னால் உப்பரசன் மேபலைக் கூப்பிட்டு நிறுத்துவானே, வாயையே திறக்காமல். வேண்டாம், சாமி, வேண்டாம். ரிமோட் அப்பாவின் தொடைக்கடியில் இருந்தது. "அப்பா, மேட்ச் இருக்கே இன்னிக்கி," என்றாள். "மேட்ச் கிடக்குது, உக்காரு." கரண்ட் போகலாம், ஊரெல்லாம் போகிற கரண்ட் இன்றைக்கு மட்டும் போகாது. வாசலுக்குப் போய் யாராவது குரலில் கூப்பிடலாம், தணிகைவேல் சார் வண்டியை எடுங்க என்று மாடிவீட்டுக்காரராக, அவளிடம் இல்லாத குரலா, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை, கால் ரெண்டும் சோபாவோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது, உப்பு இப்படித்தான் காலிலிருந்து ஏறும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது.

விளம்பரம். சோப்பு, சோப்பு, சிமென்ட். மடியில் கிடந்த போன் துடித்தது, பெர்னார்ட் அண்ணன், எடுக்கவில்லை, மெசேஜ் வந்தது. ராஜா ட்ராக் மாறிப்போச்சும்மா, யார்கிட்டயும் மூச்சு விடாதே, டைட்டில்ல சாம்பசிவம் சார் பேருதான் வரும். சரி. சாம்பசிவம் சார் பேர்தான் வரும். யார் கேட்டாலும் அவர்தான். தப்பிக்க இவ்வளவு பெரிய கதவு திறந்திருக்கிறது, நுழைந்தால் போதும். ஆனால் கேட்கிற காதுக்குப் பேரா முக்கியம். வா. கிட்ட வா. நான் என்ன சொன்னேன். திருப்பிச் சொல்லு. அந்தக் காட்சியில் ராஜாவுக்கு அவள் பேசி வைத்த இந்த நாலு துண்டும் அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் கேட்டவை. அப்பா அடிக்க மாட்டார், ஒரு நாளும் கை ஓங்கினதில்லை, எதிரில் நிறுத்துவார், தான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார், சொன்ன மாதிரியே. சைக்கிளை வெயிலில் விடாதேன்னு சொன்னீங்கப்பா. அப்படியா சொன்னேன். சரியாச் சொல்லு. ஒரு வார்த்தை மாறக்கூடாது, இழுப்பு மாறக்கூடாது, மாறினால் மறுபடி, மறுபடி, அழுதால் அழுகை நின்றதும் மறுபடி. சரியாக வந்த அன்றைக்குத்தான் போகலாம். ஊரெல்லாம் சிரிக்கிற இந்த வித்தையை அவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று யாராவது கேட்டால் சும்மா வந்துச்சு என்பாள். சும்மா வரவில்லை. இந்த டீப்பாய்க்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிற மொசைக்கில், இடது பக்கம் கறுப்புக் கல் நாலு பதிந்திருக்கிற இடத்தில் நின்று வந்தது. இதை இதற்கு முன் யோசித்ததே இல்லையே, ஏன் இப்போது, சிமென்ட் விளம்பரத்துக்கு நடுவில். அம்மா கடைசி ஈடு பஜ்ஜியோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். "ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க," என்றாள். அப்பா எழுந்து ரெகுலேட்டர் பக்கம் போனார்.

அவர் ரெகுலேட்டரில் கை வைத்திருந்தபோது தொடர் மறுபடி வந்துவிட்டது, உப்புக் கோட்டை, உப்புத் தூண்கள், சிம்மாசனத்தில் தாடிக்காரன், எதிரில் சிவப்பு ஸ்வெட்டர். இசை இல்லை. அந்த இடத்தில் இசையை எடுத்துவிட்டிருந்தார்கள். "வா," என்றது டிவி. சம்மு கண்ணை மூடிக்கொண்டாள், மூடினால் இன்னும் நன்றாகக் கேட்டது, திறந்தாள். "கிட்ட வா." அப்பாவின் கை ரெகுலேட்டரிலிருந்து இறங்கியது. இடுப்புக்குப் போனது. மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டது. முதலில் அவளுக்கு விளங்கவில்லை, கோபம் என்றுதான் நினைத்தாள், தெரிந்துவிட்டது, முடிந்தது, வரப்போகிறார், வந்து நிற்பார், ஆனால் கோபத்தில் யாரும் லுங்கியை இறக்கிவிட மாட்டார்கள், கோபம் வந்தால் ஏற்றிக் கட்டுவார்கள், இறக்கிவிடுவது பெரியவர்கள் எதிரில் வந்தால், கோயில் வாசலில், துக்க வீட்டில். ஐம்பது வயது ஆள் ரெண்டு கையையும் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டு டிவியைப் பார்த்து நின்றார், தோள் உள்ளே குறுகி, முகவாய் கீழே. "நான் என்ன சொன்னேன். திருப்பிச் சொல்லு." மேபல் பேசுவதற்கு முன்னால் அப்பாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் உதட்டைப் படிப்பதுதானே அவள் தொழில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு லீவு முழுக்க அவள் பார்த்தது உதடுகளைத்தானே. தண்டவாளத்துக்குப் போக மாட்டேன்ப்பா. ஒரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை, சரியாக. தண்டவாளத்துக்குப் போக மாட்டேன்ப்பா.

"அப்படியே எங்க மாமனார்," என்றாள் அம்மா மெதுவாக, பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு. "கல்யாணமாகி ஆறு மாசம்தான் கேட்டேன் அந்தக் குரலை. உடம்பெல்லாம் சிலிர்க்குது பாருங்க மெர்சி." தாத்தா. சுவரில் சீரியல் பல்புக்குக் கீழே மீசையோடு இருக்கிற தாத்தா, திருத்தணி ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர், சம்மு பிறப்பதற்கு முன்னாலேயே போட்டோவாகிவிட்டவர், அவள் ஒரு சொல் கேட்டதில்லை, கேட்காத ஆளை எப்படி, எந்தத் தொண்டையிலிருந்து. மெர்சி ஆன்ட்டியை அவள் திருடினாள், ட்யூஷன் சாரைத் திருடினாள், இவரை யார் திருடிவைத்து யாரிடம் கொடுத்தது. எதிரில் நின்று ஒரு வார்த்தை மாறாமல், இழுப்பு மாறாமல், சரியாக வரும்வரை மறுபடி மறுபடி சொன்ன ஒரு பையன் திருத்தணியில் இருந்திருக்கிறான். சாயங்காலம் முழுக்க எந்தக் குரலுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தாளோ அது அப்பா குரலே இல்லை. அவரும் கேட்டுப் பழகினதுதான். திரையில் பிள்ளைகள் அழுதார்கள், அதில் ஒன்று அவள், யாரும் கவனிக்கவில்லை. பேர்கள் ஓட ஆரம்பித்தன. உப்பரசன், சாம்பசிவம் என்று ஒரு வரி மேலே ஏறிப் போனது.

"யாரு அது," என்றார் அப்பா. டிவியைப் பார்த்தபடியே கேட்டார். "ராஜாவுக்குப் பேசினது." மெர்சி ஆன்ட்டி, "அதான் போட்டானே, சாம்பசிவம்னு," என்றாள். ஆமாம், போட்டார்கள், சம்மு தலையை ஆட்டினால் போதும், வாயைக் கூடத் திறக்க வேண்டாம். "சாம்பசிவம் எனக்குத் தெரியும், எத்தனை படம் கேட்டிருக்கேன், அவர் இல்ல இது," என்றார் அப்பா. வரிசையாக டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எங்கே போனார்கள், ட்யூஷன் சார், லிஃப்ட் பொம்பளை, ஷேர் ஆட்டோ அண்ணன், ஒருத்தரும் முன்னால் வரவில்லை, தொண்டை காலியான வீடு மாதிரி இருந்தது. "நான்தாம்ப்பா," என்றாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை, சின்னதாக, கொஞ்சம் கரகரப்பாக, யார் மாதிரியும் இல்லாமல் இருந்தது.

அப்பா திரும்பினார். லிஃப்ட் இறங்கப்போகிறது என்று அவள் காத்திருந்தாள், நாலாவது மாடி, மூன்றாவது மாடி, எண்ணிக்கொண்டே கால் தானாக எழுந்து, டீப்பாயைச் சுற்றி, கறுப்புக் கல் பதிந்த இடத்தில் போய் நின்றது. அம்மா ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியின் சத்தத்தை அடைத்தாள்.

"திருப்பிச் சொல்லு," என்றார் அப்பா.

இறங்கவில்லை. அந்தக் குரல் இறங்கவே இல்லை, மேலே போயிற்று, போகிற வழியில் எங்கேயோ கீறல் விட்டது, அப்படி ஒரு குரலை அவரிடம் அவள் கேட்டதே இல்லை. "ராஜா சொன்னதை. அப்படியே. இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு."

மாட்டேன் என்று சொல்லலாம் என்று சம்முவுக்குத் தோன்றியது, சொல்லவில்லை. சிரிக்காமல் அந்தக் குரலை எடுப்பது இதுதான் முதல் தடவை.

"வா," என்றாள். "கிட்ட வா."

அப்பா ஓரடி எடுத்து வைத்தார்.